டெல்டா கல்லூரி மாணவர்களுக்குப் பழைய மைக்ரோபிப்பெட்டும் கொஞ்சம் நேரமும் தேவை

வணக்கம். திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பி.எஸ்சி. விலங்கியல், நுண்ணுயிரியல் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை மருத்துவ உயிரியல் ஆராய்ச்சிக்குத் தயார்படுத்துகிறோம். உங்கள் உதவி வேண்டும்.

அவசரத் தேவை 20–200 மைக்ரோலிட்டர் மைக்ரோபிப்பெட்டுகள், அதாவது மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து உறிஞ்சி விடும் கைக்கருவிகள். பழையவை போதும், பிஸ்டன் சிக்காமல் இறங்க வேண்டும், முனையில் விரிசல் கூடாது. 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசை மாதம் ஒருநாள் பயன்படுத்தவும் இடம் தேடுகிறோம். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 100 மில்லிகிராம் இருக்கும். பிப்பெட்டால் 10 முறை எடுத்து எடைபோட்டால் கைப்பக்குவம் தெரிந்துவிடும். எடை ஒவ்வொரு முறையும் 100 மில்லிகிராமுக்கு மேலேயே இருந்தால், உறிஞ்சும்போதே பொத்தானை முதல் நிறுத்தத்தோடு விடாமல், திரவத்தை வெளியேற்றுவதற்கான இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்துகிறார்கள். தாறுமாறாக ஏறி இறங்கினால், பெரும்பாலும் கட்டைவிரலைச் சட்டென்று விடுவதால் காற்றுக்குமிழி புகுகிறது. வீடியோ பார்த்து இது வராது, பக்கத்தில் நின்று திருத்த ஆள் வேண்டும்.

வாரம் ஒரு மணி நேரம் தமிழில் விளக்கி ஆய்வுக் கட்டுரை படிக்க வைக்கும் முனைவர் பட்ட மாணவர்கள் கிடைப்பார்களா? யானைக்கால் நோயில் தொடங்கலாம். கும்பகோணம் பிள்ளைகளுக்கு அது வெறும் பாடப்புத்தக நோய் அல்ல. அந்நோயைக் கண்டறிய ரத்தப் பூச்சு (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்துளி) ஏன் இரவில் எடுக்கிறார்கள் என்பதே நல்ல முதல் கேள்வி.

கோடை ஆய்வுப் பயிற்சிக்கு ஆசிரியர்கள் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதத்திலும் மாணவர்கள் இடறுகிறார்கள். "ஒழுக்கமானவர், உழைப்பாளி" என்றால் தேர்வுக்குழுவுக்கு எதுவும் தெரியாது. என்ன சோதனை செய்தார், சரிவராதபோது எதை மாற்றினார் என்று எழுத வேண்டும். அனுபவமுள்ள பேராசிரியர்கள் இங்குள்ள ஆசிரியர்களோடு ஒரு மதியம் உட்கார முடியுமா?

சம்பா அறுவடைக் காலம் மட்டும் வேண்டாம், பல பிள்ளைகள் வயலில் இருப்பார்கள். முடிந்தவர்கள் ஊரையும் வசதியான நாளையும் எழுதுங்கள்.