அப்பாவுக்கு ஸ்டென்ட்

மீனா அக்கா: ஸ்கேன் வந்துவிட்டது. அப்பாவுக்கு இடது கைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள்.

பாபு: கையிலா??

அத்தை: அண்ணனுக்கு மறுபடியும் ஆபரேஷனா? ஒரு தடவை நெஞ்சைத் திறந்தது போதாதா

குமார் அண்ணன்: அத்தை, இதில் நெஞ்சைத் திறக்க மாட்டார்கள். தொடையிலோ கையிலோ மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்தபடியே அடைப்பு வரை கொண்டுபோவார்கள். பலூனால் விரித்து, மறுபடி சுருங்காமல் இருக்க ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயை வைப்பார்கள். அடைப்பு காரை எலும்புக்குப் பக்கத்தில், சப்கிளேவியன் தமனியில். மூளையின் பின்பகுதிக்குப் போகிற குழாய் ஒன்றும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. அடைப்பு இருந்தால், கை வேலை செய்யும்போது அந்தக் குழாயில் ரத்தம் திரும்பி ஓடிக் கைக்கு வந்துவிடும். துணி காயப்போடும்போது அப்பாவுக்குத் தலை சுற்றியது அதனால்தானாம்.

அத்தை: பித்தம் என்றல்லவா நினைத்தேன்

பாபு: யாராவது என் சார்ஜரை எடுத்துப் போனீர்களா?

மீனா அக்கா: ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. இப்போது அதுவா முக்கியம்

குமார் அண்ணன்: இன்னொன்று. பைபாஸில் இதயத்தோடு இணைத்த நெஞ்சுத் தமனியும் இதே தமனியின் கிளைதான். அங்கே ரத்தம் குறைந்தால் இதயத்துக்கும் குறையும். அதனால்தான் தள்ளிப்போட வேண்டாம் என்கிறார் டாக்டர்.

செல்வி: பைபாஸ் சமயத்தில் எனக்குக் கடைசியில்தான் சொன்னீர்கள். இந்தத் தடவை நான்தான் கூட இருப்பேன்.

மீனா அக்கா: சரி செல்வி. உன் பரீட்சை?

செல்வி: பார்த்துக்கொள்கிறேன்.

மாமா: ஆபத்தே கிடையாதா?

குமார் அண்ணன்: உண்டு மாமா. குழாய் விட்ட இடத்தில் ரத்தம் கசியலாம். அபூர்வமாகப் பக்கவாதம் வரலாம். எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரிவதற்காகச் சாயம் செலுத்துவதால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிறகு ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் எழுதிக் கொடுப்பார்கள். டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

பாபு: பிரஷர் நார்மல் என்றுதானே அப்பா சொல்வார்?

குமார் அண்ணன்: இடது கையில் பார்த்தால் நார்மல்தான் காட்டும். நேற்று வலது 168, இடது 124. இனி வலது கையில் மட்டும் பாருங்கள். நர்ஸ் மாறினால் அவரிடமும் சொல்லுங்கள், தயவுசெய்து.

அத்தை: அண்ணன் சம்மதித்தாரா?

மீனா அக்கா: யோசிக்கிறேன் என்கிறார்.

மாமா: நான் பேசுகிறேன்.

மீனா அக்கா: நீங்கள் வேண்டாம் மாமா. சித்தப்பா பேசட்டும்.

செல்வி: சித்தப்பா இந்தக் குழுவில் இல்லையே?

பாபு: போன வருடமே வெளியேறிவிட்டார்.

மீனா அக்கா: குமார், நீ போன் போடு. வியாழன் இரவு யார் தங்குவது என்று அப்புறம் பேசலாம்.