தண்ணி இழுக்காத அரை எச்பி மோனோபிளாக் மோட்டார்: திருநகர், மதுரை

தரைத்தொட்டி 8 அடி ஆழம், 1 இஞ்ச் உறிஞ்சு குழாய், மாடியில் டேங்க். மாசியிலிருந்து இந்தத் தொல்லை. நிறுத்தி ஒரு மணி நேரத்துக்குள் போட்டால் உடனே ஏற்றுகிறது; இரவு முழுக்க விட்டால் காலையில் வெறும் ஓட்டம்தான், மூடியைத் திறந்து தண்ணி ஊற்ற வேண்டும்.

புட்வால்வு (உறிஞ்சு குழாயின் அடி நுனியில் தண்ணி திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வு) புதுசு, பித்தளை. தொட்டித் தரையிலிருந்து அரை அடி மேலே நிற்கிறது. உப்புத் தண்ணி ஊர் என்பதால் வாஷரில் படிவு இருக்குமோ என்று கழற்றியும் பார்த்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது. யூனியன் (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பு) ரப்பர் மாற்றி டெஃப்லான் டேப் சுற்றியாயிற்று. கெப்பாசிட்டரும் புதுசு, வேகம் குறையவில்லை. ஓடும்போது ஷாப்ட் பக்கம் சொட்டுக்கூட இல்லை, அதனால் சீல் (ஷாப்டைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் பாகம்) மீது சந்தேகம் குறைவு.

சந்தேகத்தில் மிச்சம் டைல்ஸுக்கு அடியில் போகும் 6 அடி பிவிசி குழாய். டைல்ஸை உடைக்காமல், காற்று அந்தக் குழாயில்தான் புகுகிறது என்று எப்படி உறுதி செய்வது?