அரிய பழ விதைகள் கைமாறியபோது: உறுப்பினர்களின் அனுபவங்கள்

தென்காசி:

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்துவிடும் என்பதால், அந்தப் பருவத்தில் வெளியூர்த் தோட்ட நண்பர்கள் எங்களைத்தான் முதலில் நினைப்பார்கள். கொடைக்கானல் பக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம்மிடம் இருந்த மரத்தக்காளி விதையைத் தந்து மங்குஸ்தான் கொட்டைகளைப் பெற்றுக்கொள்ள விரும்பினார். அவர் அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தபோது, விதைகள் நன்றாக உலர்ந்து சாம்பல் புரட்டப்பட்டிருந்தன. பழம் பறித்த தேதியும் செடியின் வயதும் காகிதத்தின் மேலேயே எழுதப்பட்டிருந்தன. இவ்வளவு ஒழுங்காக விதை அனுப்புபவர்கள் மிகக் குறைவு.

சிக்கல் எங்கே வந்தது என்றால், என்னுடைய கொட்டைகளையும் அதேபோல வெயிலில் காயவைத்துச் சாம்பல் தடவி அனுப்பும்படி அவர் கேட்டுக்கொண்டார். "ஈரமாக அனுப்பினால் பூஞ்சை பிடித்துவிடும், அண்ணாச்சி" என்பது அவருடைய கவலை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவரும் முறை அதுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் மங்குஸ்தான், ரம்புட்டான், டுரியன், பலா, மா ஆகியவற்றின் கொட்டைகள் உள்ளே நீரை வைத்துக்கொண்டே உயிரோடிருப்பவை. உலர்ந்தால் உறங்குவதில்லை, இறந்துவிடுகின்றன. மங்குஸ்தான் கொட்டை பழத்துக்குள்ளேயே இருக்கும்வரை சில வாரங்கள் தாங்கும், வெளியே எடுத்து உலரவிட்டால் சில நாள்களிலேயே வீணாகிவிடும்.

இதைத் தொலைபேசியில் விளக்கியும் அவர் முழுவதுமாக நம்பியதாகத் தெரியவில்லை. ஆகவே சில பழங்களை உடைக்காமல் அப்படியே வைத்து, அவற்றுடன் சதையைச் சுத்தமாகக் கழுவிய கொட்டைகளையும், பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு ஈரமான தென்னை நார்க்கழிவில் புதைத்து, ஒரே பெட்டியில் அனுப்பினேன். பழத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழத்தின் அடியில் பூப்போல ஒரு வடு இருக்கும். அதில் எத்தனை இதழ்களோ, உள்ளே அத்தனை சுளைகள். முற்றிய கொட்டை பெரும்பாலும் பருத்த சுளையில்தான் இருக்கும் என்பதால், சுளை எண்ணிக்கை குறைந்த பழத்தையே விதைக்காக நான் விரும்புவேன். இரண்டு வகையாக அனுப்பியவையும் அவரிடம் முளைத்தன. அடுத்த பருவத்தில் காயவைப்பதைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை.

சென்னை, மேடவாக்கம்:

மேலே எழுதிய அண்ணாச்சியிடமிருந்துதான் நானும் மங்குஸ்தான் கொட்டை வாங்கினேன். முளைப்பதில் ஒரு குறையும் இல்லை. முதல் சோடி இலைகள் தளதளவென்று விரிந்தன, அதன்பின் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. வாளியின் உட்புறம் வெள்ளைப்படலம் கட்டும். மங்குஸ்தானின் வேரமைப்பு மென்மையானது, அது அமில மண்ணை விரும்பும், முதல் சில ஆண்டுகள் நிழலையும் கேட்கும். மாடியின் வெயிலையும் இந்த நீரையும் ஒருசேரத் தாங்க அதனால் இயலாது. இப்போது மழைநீரைப் பிடித்து வைத்து, பசுமை வலைக்குக் கீழே வளர்க்கிறேன். புளிப்பை இனிப்பாக்கும் மிராக்கிள் பழச் செடிக்கும் அதே ஏற்பாடுதான். ஆகவே விதை கொடுப்பவர்கள், தாய்மரம் எந்த மண்ணில், எந்த நீரில் நிற்கிறது என்பதையும் இரண்டு வரியில் எழுதினால் வாங்குபவருக்குப் பேருதவியாக இருக்கும்.

வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். இணையத்தில் ஒரு விற்பனையாளர் நீல நிற ஸ்ட்ராபெர்ரி விதை என்று படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பழமே உலகில் கிடையாது, சிவப்புப் பழத்தின் படத்தில் நிறத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று என் அண்ணியிடம் எவ்வளவோ சொன்னேன். "நூறு ரூபாய்தானே தம்பி" என்று வாங்கியே விட்டார். முளைத்தது ஏதோ களைச்செடி. பணம் போனது பெரிதல்ல, அந்தக் களை என்னவென்றே தெரியாமல் தொட்டியில் வளர்வதுதான் எனக்கு உறுத்துகிறது. வெளிநாட்டிலிருந்து விதை தருவிக்க, நோயும் பூச்சியும் இல்லை என்று அனுப்பும் நாடு தரும் பயிர் நலச் சான்றும் இறக்குமதி அனுமதியும் தேவை என்று 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை வைத்திருப்பதற்குக் காரணமும் அதுவே. நண்பர் ஒருவர் பிரேசிலிலிருந்து, அடிமரத்திலேயே கருந்திராட்சை போலக் காய்க்கும் ஜபோட்டிகாபாவின் விதையைக் கடிதத்துக்குள் வைத்து வரவழைக்கலாம் என்றபோது நான் சேர்ந்துகொள்ளாததும் அதனால்தான். உள்ளூர் நாற்றங்கால்களிலேயே அது கிடைக்கிறது.

நாகர்கோவில்:

தென்காசி அண்ணாச்சியின் முறை மங்குஸ்தானுக்கு முழுக்கப் பொருந்தும். அதன் விதை மகரந்தச் சேர்க்கையின்றித் தாய்த் திசுவிலிருந்தே உருவாவது. எந்த ஊரில் முளைத்தாலும் தாய்மரத்தின் மறுபிறப்பாகவே இருக்கும், காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும் என்பது மட்டுமே குறை. ஆனால் ரம்புட்டான் கொட்டையையும் அதே உற்சாகத்தோடு அனுப்பிவைப்பதை நான் ஏற்பதற்கில்லை. விதைக்கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகிவிடும்; பூத்துக் கொட்டிவிட்டுக் காயே பிடிக்காது. சிறிய மனைக்காரர் ஒருவர் அரை செண்டு இடத்தை ஆண்டுக்கணக்கில் அதற்கு ஒதுக்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. எங்கள் பக்கத்தில் ஒட்டுக்கன்று எளிதாகக் கிடைப்பதால், ரம்புட்டான் கேட்பவர்களை அங்கேயே அனுப்பிவிடுகிறேன்.

நான் மாற்றிக்கொள்வது பெரும்பாலும் நாட்டு மாங்கொட்டை. எங்கள் மேற்குக் கடலோரப் பகுதியின் மூவாண்டன், சந்திரக்காரன் போன்றவற்றில் ஒரு கொட்டையிலிருந்து பல கன்றுகள் எழும். அவற்றுள் பெரும்பாலானவை தாயை ஒத்தவை. அல்போன்சா, பெங்களூரா போன்றவற்றில் ஒரே ஒரு கன்றுதான் வரும், அது எப்படிப்பட்ட பழத்தைத் தரும் என்று யாரும் உறுதி கூற முடியாது. கொட்டையின் ஓட்டை மட்டும் கத்தரியால் கவனமாகப் பிளந்து பருப்பை வெளியே எடுத்துப் பார்த்தால், பல துண்டுகளாக ஒட்டிக்கொண்டிருப்பது பல கன்றுகள் தரும் வகை. ஓடு நீக்கினால் முளைப்பும் விரைவாகும், உள்ளே வண்டு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். திண்டுக்கல்லிலிருந்து ஓர் அம்மா, "அல்போன்சா கொட்டை வேண்டும், மூவாண்டன் எதற்கு?" என்று கேட்டார்கள். காரணத்தை விளக்கியபின், மூவாண்டனை வாங்கி அதன்மேல் அல்போன்சாவை ஒட்டிக்கொள்வதாக அவர்களே முடிவு செய்தார்கள். நான் சொல்லியிருக்கக்கூடியதைவிட அது மேலான யோசனை.

தென்காசி:

ரம்புட்டானைப் பற்றி நாகர்கோவில் ஐயா எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். பல மரம் வைக்க இடமுள்ளவர்களுக்கு மட்டும் இனி அனுப்புவேன். மங்குஸ்தான் வேண்டுவோர் பருவத்துக்கு முன்பே முகவரியையும், மழைநீர் பிடிக்கும் வசதி உண்டா என்பதையும் தெரிவித்துவிடுங்கள். வியாழன், வெள்ளியில் அஞ்சலிட்டால் பெட்டி ஞாயிறு முழுவதும் சூட்டில் கிடக்க நேரும் என்பதால் திங்கட்கிழமையில்தான் அனுப்புவேன்.