மறு: ஊழியர் நலன்புரியா, ஊழியர் நல்வாழ்வா?

அனைவருக்கும் வணக்கம்.

‘எம்ப்ளாயி வெல்பீயிங்’ (employee well-being) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில், ‘ஊழியர் நலன்புரி’யே போதும் என்று கொழும்பு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை.

இலங்கையில் நலன்புரி என்றால் வெல்ஃபெயார். ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது அது. திருகோணமலையில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பாரமும் உண்டு. 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த சனம் கிளிவெட்டியில் வருடக்கணக்கில் இருந்த இடத்தையும் நலன்புரி முகாம் என்றுதான் சொன்னோம். நிவாரணம் வந்தது; ஊருக்குத் திரும்புவது அவர்கள் கையில் இருக்கவில்லை.

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் என் மச்சாள் அறை துப்புரவு செய்கிறாள். அங்கே அறிவிப்புப் பலகையில் நலன்புரிச் சங்கத்தின் தாள் ஒட்டியிருக்கிறது: பிள்ளைகளுக்குக் கொப்பி, மரண உதவி, வருடக் கடைசியில் சுற்றுலா. எல்லாம் தேவையானவைதான். பக்கத்திலேயே ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணை), பேனையால் வெட்டி வெட்டித் திருத்தியபடி. சீசன் நாட்களில் நாளைக்கு எந்த ஷிஃப்ட் என்பது இன்று பின்னேரம்தான் தெரியும். மகனை எந்த நாள் கிளினிக்குக் கொண்டுபோவது என்று அவளால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நாம் சொல் தேடுவது இந்த இரண்டாவது தாளுக்குத்தான். நலன்புரிச் சங்கம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அவளுடைய நாள் அவளுடையதாக இல்லையே.

‘நன்னிலை’ என்று ஒரு அக்கா முன்வைத்தார். அழகான சொல். ஆனால் அரிஸ்டாட்டில் நல்ல வாழ்வை ஒரு நிலையாகப் பார்க்கவில்லை, செயலாகவே பார்த்தார். பொருளியலாளர் அமர்த்தியா சென்னும், ஒருவருக்கு என்ன கிடைத்தது என்பதோடு நிற்காமல், அவரால் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்று கேட்கிறார். நிலை என்று சொல்லிவிட்டால், மாதம் ஒருமுறை படிவம் கொடுத்து ‘சந்தோசமா?’ என்று கேட்பதோடு நிர்வாகம் கையைக் கழுவிவிடும்.

அதனால் என் தெரிவு ‘ஊழியர் நல்வாழ்வு’. வாழ்கிறவர் ஊழியர், அவருக்காக வேறு யாரும் வாழ முடியாது. தமிழ்நாட்டில் நல்வாழ்வு என்றதும் சுகாதாரத் துறை நினைவுக்கு வரும் என்பது சரி. அது பெரிய இடைஞ்சல் இல்லை: 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டமே, சுகம் என்பது நோயில்லாமல் இருப்பது மட்டுமல்ல, உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையாக நன்றாக இருப்பது என்கிறது. ‘ஊழியர்’ பற்றி விவாதமே தேவையில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 8 சதவீதம் கழிவதை ஒவ்வொரு மாதமும் சம்பளச் சிட்டையில் பார்க்கிறோம்.

நலன்புரியைக் கைவிடச் சொல்லவில்லை. கன்டீன், கடன், சுற்றுலா எல்லாம் அந்தப் பெயரிலேயே இருக்கட்டும்.

அப்புறம், வேலை அழுத்தம் நீண்டு ஆள் களைத்துப்போகும் ‘பர்ன்அவுட்’டுக்குத் தனி இழை வேண்டும். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த ஒரு நிகழ்வு என்றே சொன்னது. ஆகவே ‘நோய்’ என்று முடியும் சொற்களை முதலிலேயே விலக்கிவிடலாம். ‘பணிச்சோர்வு’ சரிவருமா?

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து