ஏற்காட்டு ஏற்றத்தில் நின்றுபோகும் 1997 மாருதி 800: எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

சேலம்97:
வணக்கம். அப்பா வாங்கிய 1997 மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) வண்டி. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. ஏற்காட்டு மலைப்பாதையில் பத்துப் பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் இழுவை குறைகிறது. ஓரங்கட்டி அணைத்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றுகிறது. இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் உறுமி எழுகிறது. வெப்பமானி முள் பாதியைத் தாண்டியதே இல்லை.

பட்டறையில் பிளக், பிளக் ஒயர், இக்னிஷன் காயில் எல்லாம் மாற்றினார்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். சூட்டுக்குக் காரணம் என்று சொல்லி, எஞ்சின் சூடேறும்வரை கூலன்டைத் தடுத்துவைக்கும் தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டார்கள். இப்போது எஞ்சினையே இறக்க வேண்டும் என்கிறார்கள். நான் கார் ஓட்டப் பழகிய வண்டி இது. விற்க மனமில்லை. வழி சொல்லுங்கள்.

மூன்று சிலிண்டர்:
உங்களுடையது எஃப்8பி எஞ்சின். 796 சிசி, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு. உள்விட்டம் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னாளில் வந்த ஐந்து கியர் 800, ஆல்ட்டோ ஆகியவற்றில் 12 வால்வு கொண்ட எஃப்8டி எஞ்சின் இருந்தது. சிசி ஒன்றுதான், ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வேறு. கடையில் "800 எஞ்சின் கேஸ்கட்" என்று மட்டும் கேட்டால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆறு வால்வு என்று சொல்லிக் கேளுங்கள்.

ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கட், போயிருக்குமோ என்பதுதான் என் சந்தேகம். கூலன்ட் குறைகிறதா?

பழைய பட்டறை:
தம்பி, எஞ்சின்மேல் யாரும் கை வைக்க வேண்டாம். ஹெட் கேஸ்கட் போன வண்டி இருபது நிமிட ஓய்வில் சரியாகிவிடாது. தண்ணீர் குறையும், ரேடியேட்டரில் குமிழி வரும், ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் நிறம் தெரியும். நீங்கள் சொல்லும் அடையாளம் அதுவல்ல.

சூட்டில் நின்று ஆறியதும் எழும் வண்டியில் இரண்டில் ஒன்றுதான் தவறும்: நெருப்பு அல்லது பெட்ரோல். எது என்று வண்டி நின்றிருக்கும் அந்த இருபது நிமிடத்துக்குள்தான் பார்க்க வேண்டும். பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் சாட்சி ஆறிப்போகிறது. அதனால்தான் ஒவ்வொரு பாகமாக ஊகத்தில் மாற்றியிருக்கிறார்கள்.

அடுத்த முறை நின்றதும் பானெட்டைத் திறங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறைப் பக்கத்தில் சிறிய வட்டக் கண்ணாடி ஒன்று இருக்கும். பெட்ரோல் மட்டம் அதில் தெரிய வேண்டும். துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு உதிரி பிளக் ஒன்றை ஒயரில் செருகி, கார்புரேட்டருக்கு எட்டத் தள்ளி, எஞ்சின் உலோகத்தில் தொட்டிருக்கும்படி வைத்து, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். நீலப்பொறி பளிச்சென்று வந்தால் நெருப்பில் குற்றமில்லை.

தெர்மோஸ்டாட்டை உடனே திரும்பப் போடுங்கள். அது இல்லாத எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடுகிறது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். இத்தனை நல்ல எஞ்சினுக்கு அந்தக் கொடுமையைச் செய்யாதீர்கள்.

சேலம்97:
ஞாயிறு காலை மறுபடி ஏறினேன். பதினான்காம் வளைவுக்கு மேல் நின்றது. பொறி நீலமாக, சத்தத்தோடு வருகிறது. கண்ணாடியில் பெட்ரோலே தெரியவில்லை, வெறும் அறை. ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின்மேல் போட்டேன். நான்கைந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகிவிட்டது!

கோவை ஓட்டுநர்:
அப்படியென்றால் பம்புதான். எலக்ட்ரிக் பம்பு வாங்கிப் பின்னால் பொருத்திவிடுங்கள், தொல்லை தீர்ந்தது.

பழைய பட்டறை:
பொறுங்கள். எம்.பி.எஃப்.ஐ., அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீச்சும் வண்டியின் எலக்ட்ரிக் பம்பு ஏறத்தாழ 3 பார் அழுத்தம் தரும். மிதவை அறைக்குள் வரும் பெட்ரோலை நிறுத்தும் கார்புரேட்டர் ஊசியால் அதைத் தாங்க முடியாது. பெட்ரோல் பொங்கி எஞ்சின்மேல் வழிந்தால் தீப்பிடிக்கும். யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

தம்பி, இது ஆவியடைப்பு. இந்த வண்டியின் பம்பு சிலிண்டர் ஹெட்டிலேயே உட்கார்ந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் தள்ளலில் ஓடுகிறது. ஹெட்டின் சூடு முழுவதும் அதற்கு ஏறும். வண்டி ஓடும்போது காற்றாவது படும். அணைத்ததும் அதுவும் இல்லை. உள்ளேயுள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது, பம்பு ஆவியையே மென்றுகொண்டிருக்கிறது.

இது தெரிந்துதான் பம்பில் மூன்று குழாய் வைத்தார்கள். ஒன்று டாங்கிலிருந்து வருவது, ஒன்று கார்புரேட்டருக்குப் போவது, மூன்றாவது டாங்குக்கே திரும்புவது. மிஞ்சிய பெட்ரோலும் ஆவியும் மூன்றாவது வழியாகத் திரும்பிவிட வேண்டும். அது அடைபட்டால் நீங்கள் சொன்னதெல்லாம் அப்படியே நடக்கும். எஞ்சின் நன்றாக ஆறியபின் திரும்பு குழாயைப் பம்பிலிருந்து கழற்றி, டாங்க் மூடியைத் திறந்துவைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றை விடுங்கள். டாங்கில் குமிழிச் சத்தம் கேட்க வேண்டும். வாயால் ஊதவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம்.

மூன்று சிலிண்டர்:
ரப்பர் குழாய்களையும் பாருங்கள். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். 1997 ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

சேலம்97:
கண்டுபிடித்துவிட்டோம்! காற்று போகவில்லை, சைக்கிள் பம்பின் பிடியே எதிர்த்துத் தள்ளியது. இரும்புக் குழாய் சுத்தமாக இருந்தது. பம்பிலிருந்து அதற்குப் போகும் ஒரு சாண் ரப்பர் குழாய்தான் குற்றவாளி. வெளியே பார்த்தால் நல்ல குழாய். பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். உள்தோல் உரிந்து, ஊறிப் பருத்து, வழியை மூடியிருந்தது. விரலால் தொட்டால் கரிப்பசைபோல் ஒட்டுகிறது.

மூன்று ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகையில் வாங்கிப் புதிதாகப் போட்டோம், கிளிப்புகளோடு. தெர்மோஸ்டாட்டும் உள்ளே போய்விட்டது. நேற்று நண்பகல் வெயிலில் ஏற்காடு ஏறினேன். பதினைந்தாம் வளைவில் வேண்டுமென்றே அணைத்துப் பத்து நிமிடம் நிறுத்தினேன். முதல் திருப்பலிலேயே எழுந்தது. இருபது வளைவும் ஏறி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் முதலில் அப்பாவுக்குத்தான் தொலைபேசினேன். ஐயா, உங்கள் கைக்கு என் வணக்கம்.

இன்னும் ஒன்று. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டர் அடியில் ஆயில் கசிந்து கியர்பாக்ஸ்மேல் சொட்டுகிறது. இதுவும் பெரிய வேலையா?

பழைய பட்டறை:
மகிழ்ச்சி, தம்பி. அது பெரும்பாலும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்றுதான், சில ரூபாய் விலை. கழற்றுமுன் டிஸ்ட்ரிப்யூட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள், உள்ளே சுழலும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் படமெடுத்து வையுங்கள். அப்படியே திரும்பப் போட்டால் பொறி விழும் நேரம், அதாவது டைமிங், மாறாது. ஒயர்களைக் கழற்றினால், சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை 1-3-2.