தீயணைப்பு வேலையில் இருந்துகொண்டு மாகாண சபைத் தேர்தலில் நிற்கலாமா?

கல்லடிப் பொடியன் கேட்டது:

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு உள்ளூராட்சி மன்றத்தின் தீயணைப்புப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். வயது 34. அமெரிக்காவில் இருக்கும் மச்சான் போன கிழமை கதைக்கும்போது, அங்கே தீயணைப்பு வேலையில் இருந்தபடியே மாநில சட்டசபைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள் என்றார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கிழக்கில் மாகாண சபைத் தேர்தல் வந்தால் நிற்கலாம் என்று ஓர் எண்ணம் வந்துவிட்டது.

மனைவி வேண்டாம் என்கிறார். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடனும் இருக்கிறது. நின்றால் வேலை போய்விடுமா? அதைவிடப் பெரிய கேள்வி, என் பெரியப்பா கேட்டது: "நெருப்பணைக்கிறவனுக்கு சட்டசபையில் என்ன வேலை?" அதற்குப் பதில் சொல்ல வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சியாட்டில்வாசி (சொந்த ஊர் களுவாஞ்சிகுடி):

தம்பி, உங்கள் மச்சான் யாரைச் சொன்னாரோ தெரியாது. நான் இருக்கிற வாஷிங்டன் மாநிலத்திலேயே ஒருவர் இருக்கிறார். டான் கிரிஃபி, மேசன் கவுண்டியில் தீயணைப்பாளர், 2014 தேர்தலில் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானவர். இங்கே சபை வருடம் முழுக்கக் கூடுவதில்லை. ஒற்றைப்பட வரும் வருடத்தில் 105 நாள், இரட்டைப்பட வரும் வருடத்தில் 60 நாள். டெக்சாஸில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 140 நாள், சம்பளம் மாதம் 600 டொலர். நியூ ஹாம்ப்ஷயரில் வருடத்துக்கே 100 டொலர்தான்! அதனால் வாத்தியார், விவசாயி, தீயணைப்பாளர் எல்லாரும் தங்கள் தொழிலை விடாமல் போய் வருகிறார்கள். கலிபோர்னியா மாதிரி இடங்களில் அது முழுநேர வேலை, அங்கே இப்படிச் செய்வது கஷ்டம்.

கிரிஃபி சபையில் பல வருடம் விடாமல் போராடியது நெருப்பு விஷயத்துக்காக இல்லை. சிறுவர்மீதான பாலியல் குற்றங்களுக்கு வழக்குத் தொடரக் காலக்கெடு இருக்கக்கூடாது என்பதற்காக. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் 2019 இல் அந்தக் காலக்கெடுவை நீக்கிச் சட்டம் வந்தது. இங்கே மருத்துவ அழைப்புக்கும் பெரும்பாலும் தீயணைப்பு வண்டிதான் முதலில் வந்து நிற்கும். பூட்டிய வீட்டுக்குள் நடக்கிறதைப் பார்க்கிற வேலை அது. பெரியப்பாவுக்கு அதைச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று எழுதுவினைஞர்:

தம்பி, வேலை பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பொலிஸ், முப்படை, பதவிநிலை உத்தியோகத்தர் என்றால் வேலையை விட்டுவிட்டுத்தான் நிற்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள அரச ஊழியர் வேட்புமனுக் கொடுத்த நாளிலிருந்து தேர்தல் முடியும்வரை விடுமுறையில் இருப்பதாகக் கணக்கு. ஆசிரியர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள், தோற்றால் பாடசாலைக்குத் திரும்புகிறார்கள். உங்கள் நியமனக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கச்சேரியில் உள்ள தேர்தல் அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

ஆனால் நிற்பதற்குச் சபை வேண்டுமே. கிழக்கு மாகாண சபையில் 37 ஆசனம்: அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, மிச்சம் இரண்டும் கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்குப் போனஸ். கடைசித் தேர்தல் 2012 செப்டம்பரில். 2017 செப்டம்பரோடு காலம் முடிந்தது. அந்த வருடமே தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் பாராளுமன்றம் நிராகரித்தது, காரியம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

பழைய தீயணைப்பாளன்:

மகன், நான் 26 வருடம் இந்த வேலை செய்து ஓய்வு பெற்றவன். எந்த மன்றம் என்று எழுத விரும்பவில்லை. உன் பெரியப்பாவின் கேள்வி நல்ல கேள்வி, கோபப்படாதே.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு புல் நெருப்பு வரும். அது பெரிதில்லை. ஒரு முறை புடவைக் கடை ஒன்று எரிந்தது. ஒழுங்கைக்குள் வண்டி திரும்பவில்லை, மதிலை ஒட்டிக் கட்டிய கூரை நீட்டு வழியை மறித்தது. ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடினோம். பவுசர் தண்ணீர் சில நிமிடத்தில் முடிந்தது. பக்கத்தில் எங்கும் தண்ணீர் எடுக்க வழியில்லை, வாவியில் பம்பை இறக்கினோம். வாவித் தண்ணீர் உப்பு. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டுப் பம்பைக் கழுவாவிட்டால் அரித்துவிடும். அந்த ஒழுங்கையில் அந்தக் கூரைக்கு அனுமதி கொடுத்தது ஒரு கையெழுத்து. கட்டட அனுமதி எங்கள் கண்ணுக்கு வந்த பிறகு கொடுத்திருந்தால் கடையில் பாதியாவது மிஞ்சியிருக்கும். இதைச் சபையில் எழும்பிச் சொல்ல எங்கள் ஆள் ஒருவன் வேண்டும்.

இரண்டாவது எனக்கு இன்னும் நெஞ்சை அடைக்கிற விஷயம். புகை அடங்கியதும் முகமூடியைக் கழற்றிவிட்டு எரிந்ததைக் கிளறுவோம். வியர்வை, களைப்பு, கழற்றாமல் இருக்க முடியாது. ஸ்பொஞ்ச் மெத்தை, பிளாஸ்டிக், வெடித்த அஸ்பெஸ்டஸ் சீட், எல்லாம் அந்தச் சாம்பலுக்குள். அதே உடுப்போடு வீட்டுக்குப் போவோம், மனைவி பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைப்பாள். யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. என்னோடு ஒரே வண்டியில் பதினெட்டு வருடம் ஓடினவனுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது. அவன் போன பிறகு, நோய் வேலையால் வந்தது என்று நிரூபிக்கச் சொல்லி அவன் மனைவியிடம் கடிதம் கேட்டார்கள். எப்படி நிரூபிப்பாள் அந்தப் பிள்ளை? மூன்று வருடம் பைலோடு அலைந்தாள்.

2022 இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் பிரிவில் போட்டது. சிறுநீர்ப்பைப் புற்றும், அஸ்பெஸ்டஸால் வருகிற மீசோதீலியோமா என்ற புற்றும் பெயர் சொல்லி அதில் இருக்கின்றன. அதை வாசித்த அன்று நான் நெடுநேரம் முற்றத்தில் இருந்தேன்.

சியாட்டில்வாசி:

ஐயா, வாசித்துக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் சொன்ன அந்த "நிரூபி" என்பதை இங்கே தலைகீழாக மாற்றியிருக்கிறார்கள். வாஷிங்டனில் குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் தீயணைப்பாளருக்கு வந்தால் அது வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது வேலை கொடுத்தவர். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இப்படிச் சட்டம் உண்டு. தீயணைப்பாளர் சங்கங்கள் வருடக்கணக்காகச் சபைப் படி ஏறி இறங்கி வாங்கியது.

கல்லடிப் பொடியன்:

ஐயா, நானும் கிளறும்போது கழற்றுகிறவன்தான். இன்றைக்கு வேலை முடிந்து உடுப்பை வெளியிலேயே ஊறப்போட்டேன். மனைவி ஏன் என்று கேட்டார், சொன்னேன். தேர்தல் பற்றி அவர் இன்னும் சரி சொல்லவில்லை. ஆனால் அந்த அக்காவின் பைல் என்ன ஆனது என்று அவர்தான் கேட்கச் சொன்னார்.

பழைய தீயணைப்பாளன்:

பைல் இன்னும் அவளிடம் இருக்கிறது, மகன். பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். தீயணைப்பு உள்ளூராட்சியின் கையில், உள்ளூராட்சி அரசியலமைப்பின் 13ஆம் திருத்தப்படி மாகாணத்தின் கையில், அதனால் இது போக வேண்டிய இடம் மாகாண சபைதான். தேர்தல் எப்போது வந்தாலும் வரட்டும். நீ ஒரு கொப்பி வாங்கு. ஒவ்வொரு அழைப்புக்கும் எத்தனை மணிக்குப் புறப்பட்டாய், வண்டி எங்கே தடைப்பட்டது, தண்ணீர் எங்கே எடுத்தாய், என்ன எரிந்தது, யார் யார் முகமூடி இல்லாமல் நின்றார்கள் என்று எழுதி வை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் மனைவியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா, பைலை எடுத்து வைக்கிறேன்.