கிட்டார் பெடலில் வரும் பஃபர்: இடையகமா, சுமைதாங்கியா?

வணக்கம்.

எலெக்ட்ரிக் கிட்டார் கையேட்டுக்கான சொற்பட்டியலில் பஃபர் (buffer: கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வரும் சிறு மின்சுற்று) என்பதற்குத் தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகவில்லை. கணினித் துறையில் 'இடையகம்' பழகிவிட்டது, அதையே எடுத்துக்கொள்ளலாம். வேதியியலில் தாங்கல் கரைசல் இருப்பதால் 'தாங்கல்' அடுத்த தெரிவு. ஒரே கருத்துக்குத் துறைக்கொரு சொல் பெருக வேண்டாம் என்பது என் எண்ணம்.

---

> ஒரே கருத்துக்குத் துறைக்கொரு சொல்

ஐயா, இங்கே கருத்து ஒன்றல்ல. இடையகம் தரவைச் சற்று நேரம் பிடித்துவைத்துப் பிறகு அனுப்பும். கிட்டார் பஃபர் எதையும் பிடித்துவைப்பதில்லை. வந்த வோல்ட்டேஜ் கூடாமல் குறையாமல் அப்படியே வெளியேறுகிறது. அந்தப் பக்கம் இருக்கும் மின்சுமை, கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பின் மேல் விழாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

கணக்கைப் பார்த்தால் தெளிவாகும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப்பின் தூண்டல் எண் சுமார் 2.5 ஹென்றி. கேபிளின் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட். 6 மீட்டர் கேபிளில் ஆம்ப்புக்கு நேராகப் போனால், மற்றதெல்லாம் சேர்த்து 700 பிகோஃபாரட் என்று வையுங்கள்: ஒத்ததிர்வு (பிக்கப்பின் ஒலி உச்சம் பெறும் அதிர்வெண்) 3,800 ஹெர்ட்ஸ் அருகே நிற்கும். பெடல்போர்டுக்கு ஒரு கேபிள், அங்கிருந்து ஆம்ப்புக்கு ஒன்று, நடுவே துண்டுக் கேபிள்கள் என்று 1,300 ஆகிவிட்டால் அது 2,800 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கம்பியில் பிக் படும் அந்தக் கூர்மை போய், போர்வை போர்த்தியதுபோல் டோன் மந்தமாகிறது. ஆம்ப்பில் ட்ரெபிளை ஏற்றினால் இரைச்சல்தான் கூடும், இடம் மாறிய ஒத்ததிர்வு பழைய இடத்துக்குத் திரும்பாது. எல்லாப் பெடலும் ட்ரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னல் பெடலின் சுற்றைத் தொடாமல் நேராகப் போவது) என்பதாலும் பயனில்லை. அணைத்துவைத்தாலும் கேபிளின் நீளம் அப்படியேதான் இருக்கிறது.

பஃபரின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) சுமார் 1 மெகா ஓம், வெளியீட்டில் சில நூறு ஓம். அத்தனை கேபிளையும் அது சுமக்கிறது, பிக்கப்புக்குத் தெரிவது முதல் கேபிள் மட்டுமே. ஆகவே என் முன்மொழிவு 'சுமைதாங்கி'. சாலையோரச் சுமைதாங்கிக் கல்லை அறிந்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

---

சொல் பிடித்திருக்கிறது, ஒரு தடை மட்டும். ஒலியைக் கரகரப்பாகச் சிதைத்துத் தரும் ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடலுக்கு முன்னால் பஃபர் கூடாது. 'சுமைதாங்கி' என்று பெயர் வைத்தால், எங்கே போட்டாலும் நன்மைதான் என்று படிப்பவர் எண்ணிவிட மாட்டாரா?

---

நல்ல கேள்வி. அந்த விதியைப் புரியவைக்கவே இந்தச் சொல் உதவும் என்பேன்.

ஃபஸ் ஃபேஸின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் மிகக் குறைவு. பிக்கப்பும் கிட்டாரின் வால்யூம் பாட்டும் (ஒலியளவுத் திருகு) அந்தச் சுற்றின் ஒரு பகுதியாகவே வேலை செய்கின்றன. வால்யூமைச் சற்றே இறக்கினால் ஒலி தெளிந்து வருவது இதனால்தான். நடுவே சுமைதாங்கியை வைத்தால் பிக்கப்பும் ஃபஸ்ஸும் ஒன்றையொன்று உணராது, ஒலி கீச்சென்று காதைக் குத்தும், வால்யூமை இறக்கினாலும் தெளியாது. அதாவது ஃபஸ்ஸுக்குப் பிக்கப் அந்தச் சுமையைச் சுமந்தே ஆக வேண்டும். 'இடையகம்' என்று எழுதினால் இதை விளக்கத் தனிப் பத்தி தேவைப்படும்.

எனவே வரிசை: கிட்டார், ஃபஸ், சுமைதாங்கி, மற்றவை. வா பெடல் (மிதிக்க மிதிக்க ஒலி 'வா, வா' என்று மாறும் பெடல்) ஃபஸ்ஸுக்கு முன்னால் இருந்தால் நிலைமை தலைகீழ். ஃபஸ் வாவை அமுக்கிவிடும், அதன் வீச்சு சுருங்கும். அங்கே இரண்டுக்கும் நடுவே ஒரு சுமைதாங்கி வேண்டும், அதற்கு ஃபஸ்ஸின் தெளிவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பாஸ் (Boss) நிறுவனத்தின் சிறிய பெடல்கள் பெரும்பாலானவற்றில் அணைத்த நிலையிலும் பஃபர் இயங்கும். அப்படி ஒன்று சரியான இடத்தில் இருந்தால் தனியாக வாங்கத் தேவையில்லை.

செய்துபார்ப்பவருக்கு: டிஎல் 072 என்ற இரட்டை ஆப்-ஆம்ப் சில்லின் ஒரு பாதி போதும். வெளியீட்டை எதிர்மறை உள்ளீட்டோடு நேராக இணைக்கவும். சிக்னல் 0.1 மைக்ரோஃபாரட் வழியாக நேர்மறை உள்ளீட்டுக்கு வரட்டும். அங்கிருந்து 4.5 வோல்ட்டுக்கு (9 வோல்ட் மின்வழங்கலின் பாதி) 1 மெகா ஓம். இந்த 4.5 வோல்ட் விட்டுப்போனால் அலையின் ஒரு பாதி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். வெளியீட்டில் 100 ஓம், அதன்பின் 10 மைக்ரோஃபாரட், கடைசியில் தரைக்கு 100 கிலோ ஓம். அந்த 100 ஓம் இல்லாவிட்டால் நீளமான கேபிளில் சில் அலைவுக்குப் போகக்கூடும். 100 கிலோ ஓமை விட்டால் பெடலை மிதிக்கும்போது 'டப்' என்று வெடிக்கும்.

பட்டியலில் பஃபர் = சுமைதாங்கி என்று சேர்க்கிறேன். கணினிப் பிரிவில் இடையகம் அப்படியே இருக்கட்டும். ட்ரூ பைபாஸுக்கு 'நேர்வழி' என்று ஒருவர் எழுதியிருந்தார், அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.